திருவான்மியூரா, தாம்பரமா?

சென்னையில் வாடகை வீடு தேடும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் திணறுகிறார்கள்.

வாடகை: தாம்பரம்தான் கையைக் கடிக்காது.

ரயில்: திருவான்மியூரில் பறக்கும் ரயில். தாம்பரத்தில் 1931 முதல் ஓடும் மின்சார ரயில், கிண்டி, எழும்பூருக்கு நேராகப் போகலாம்.

வீடு: திருவான்மியூரில் உப்புக்காற்றுக்கு ஜன்னல் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து, தொட்டாலே பெயிண்ட் உரிந்து வரும். தாம்பரத்தில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் வீடுகளே மூழ்கின, அதனால் அங்கே பார்க்கப் போனால் சுவரில் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், பக்கத்து வீட்டிலும் கட்டாயம் விசாரியுங்கள்.

ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலையா, யோசிக்காமல் திருவான்மியூர். அடிக்கடி தென்மாவட்டத்துக்குப் போகிறவர்களா, சரி, தாம்பரமே போதும், கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம்தான்.