கெர்னல் குறிப்புரைகளோடு 11 ஆண்டுகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போகிறேன். லாரி எடைமேடைகளுக்கான மின்னணுப் பலகைகளைச் செய்யும் சிறிய நிறுவனம். பலகையில் ஓடுவது லினக்ஸ். எடையை உணரும் லோடு செல் தரும் எண்ணைப் படித்து மேலே அனுப்பும் டிரைவர் என்ற நிரலை 2014 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த 11 ஆண்டுகளில் எதை அதிகம் படித்தாய் என்று யாராவது கேட்டால், லினக்ஸின் மையநிரலான கெர்னலின் மூலநிரலில் சாய்கோட்டுக்கும் நட்சத்திரக்குறிக்கும் நடுவே எழுதியிருக்கும் குறிப்புரைகளைத்தான் சொல்வேன். அவற்றை நம்பிப் பிழைத்த நாட்கள் உண்டு. நம்பி ஒரு வாரத்தைத் தொலைத்ததும் உண்டு. இரண்டையும் எழுதுகிறேன்.

நான் பாலக்காட்டு எல்லைப்புறத்துத் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். மூலம், அதன் கீழே பதவுரை, அதன் கீழே பொழிப்புரை என்று படித்த பழக்கம். கெர்னலைத் திறந்தபோதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே பொருள் எழுதியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பக்கம் பக்கமாக ஒரு சொல்கூட விளக்கம் இல்லாத நிரல். திடீரென்று ஓரிடத்தில் 100 வரிக்கு மேல் நீளும் உரை. லினக்ஸின் நிரல் நடை ஆவணமே இதற்கு விதி வைத்திருக்கிறது: நிரல் என்ன செய்கிறது என்று குறிப்புரை சொல்லலாம், எப்படிச் செய்கிறது என்று சொல்லக்கூடாது, எப்படி என்பதை விளக்க வேண்டியிருந்தால் நிரலையே தெளிவாகத் திருத்தி எழுது. முதல் ஆண்டில் இந்த விதி எனக்குக் கோபத்தைத் தந்தது. இன்று அதை ஏற்கிறேன். ஆனால் அந்த விதியில் அழுத்திச் சொல்லாத ஒன்றுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது: ஏன்.

நம் மரபில் உரையைச் சுருக்கமான காண்டிகை என்றும் விரிவான விருத்தி என்றும் பிரிப்பார்கள். கெர்னலிலும் இரண்டும் இருக்கின்றன. செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) மேலே அது எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று சொல்லும் சிறு கட்டம் காண்டிகை. நேரடியாக என் கழுத்தைப் பிடித்தது அதில் ஒன்றுதான். லோடு செல்லின் எண்ணை 5 மில்லிநொடி இடைவெளியில் 64 முறை படித்துச் சராசரி எடுக்க வேண்டும். 320 மில்லிநொடியில் முடிய வேண்டிய வேலை. நிரலைத் தூங்கவைக்கும் 'எம்ஸ்லீப்' என்ற செயற்கூறில் நான் 5 என்று கொடுத்தேன். எடை திரையில் வர ஒரு நொடிக்கு மேல் ஆனது. எம்ஸ்லீப்பின் தலையில் அன்று இருந்த குறிப்புரை, இது பத்திரமாகத் தூங்கும் என்ற பொருளில் ஒரே வரி. உண்மை அந்த வரிக்குள் இல்லை. எங்கள் பலகையில் கடிகாரத் துடிப்பு நொடிக்கு 100. ஒரு துடிப்பு 10 மில்லிநொடி. அந்தப் பதிப்பின் எம்ஸ்லீப், 5 மில்லிநொடியை முழுத் துடிப்பாக உயர்த்தி, நேரம் குறைந்துவிடக் கூடாதென்று மேலும் ஒரு துடிப்பைக் கூட்டும். ஆக ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 20 மில்லிநொடி. இதைக் கெர்னலின் ஆவண அடைவில் இருந்த தனிக் கோப்பு ஒன்று தெளிவாகச் சொல்லியிருந்தது: 20 மில்லிநொடிக்குக் குறைந்த தூக்கத்துக்கு எம்ஸ்லீப்பைத் தொடாதே, 'யுஸ்லீப் ரேஞ்ச்' எடு. மாற்றினேன், சரியானது. ஆனால் செயற்கூறைத் திறந்து படிப்பவன் ஆவண அடைவுக்கு ஏன் போகப்போகிறான்? அண்மைப் பதிப்புகளில் எம்ஸ்லீப்பின் தலையிலேயே, தாமதம் எவ்வளவு கூடும், அது துடிப்பு வேகத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்று கணக்கோடு எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. எந்த ஊரிலோ ஒருவர் என்னைப் போலவே ஒரு நாளைத் தொலைத்திருப்பார் என்று தோன்றியது.

விருத்திக்கு வருகிறேன். நான் படித்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது சோலாரிஸ் இயங்குதளத்தின் வழிவந்த இசட்எஃப்எஸ் கோப்பு முறையின் தற்காலிக நினைவகப் பகுதியின் தலையில் இருக்கும் உரை. 2003-இல் மெகிடோ, மோதா இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையை அடிப்படையாகக் கொண்டது இந்த நிரல் என்று முதலில் சொல்கிறது. உடனே, எந்த மூன்று இடங்களில் கட்டுரையிலிருந்து விலகினோம், விலகக் காரணம் என்ன என்று வரிசையாகச் சொல்கிறது. எந்தப் பக்கத்தையும் எப்போதும் வெளியேற்றலாம் என்று கட்டுரை கொள்கிறது. இங்கே பயன்பாட்டில் இருக்கும் பக்கத்தை வெளியேற்ற முடியாது. கட்டுரையில் நினைவகத்தின் அளவும் பக்கத்தின் அளவும் மாறாதவை. இங்கே இரண்டும் மாறும். மூல ஆசிரியரை மதித்து, எங்கே மாறுபடுகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் நல்ல உரையாசிரியரின் நடை இது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் குறிப்புரை வேறு. 1975-இல் வெளியான யுனிக்ஸ் 6-ஆம் பதிப்பில், ஒரு செயலாக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், 'இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை' என்ற வரி. அதைத் திமிர் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வில் இந்தப் பகுதி வராது என்று ஆசிரியர் சொல்வது போன்ற பொருளில்தான் எழுதினோம் என்று யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார்: அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை. ஒரு செயற்கூறுக்குள் நுழைந்து, வேறொரு செயற்கூறின் திரும்பும் பாதை வழியாக வெளியேறும் ஏற்பாடு அது. பிடிபி-11 கணினியின் தொகுப்பி (கம்பைலர்) எல்லாச் செயற்கூறுக்கும் ஒரே விதமாகப் பதிவகங்களை (ரெஜிஸ்டர்) சேமித்ததால் வேலை செய்தது. இன்டர்டேட்டா கணினிக்குக் கொண்டுபோனபோது உடைந்தது. 7-ஆம் பதிப்பில் மாற்றி எழுதினார்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தப் புகழ்பெற்ற வரிக்கு நேர் மேலே, இந்தத் திரும்புதல் உண்மையில் எங்கே போய்ச் சேரும் என்று விளக்கும் வரிகள் இருக்கின்றன. அவை நல்ல வரிகள். அவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1970-களில் தன் மாணவர்களுக்காக அந்த யுனிக்ஸ் கெர்னலின் மூலநிரலுக்கு உரை எழுதினார். மூலமும் உரையுமாகப் படிக்கும் நம் வழக்கத்தை அறிந்த எவருக்கும் அந்த உழைப்பின் அருமை தெரியும்.

குறிப்புரை இல்லாவிட்டால் நிரலைப் புரிந்துகொள்ளவே முடியாத இடம் ஒன்று உண்டு: நினைவகத் தடுப்பு. நான் முதலில் தரவை எழுதுகிறேன், பிறகு 'தரவு தயார்' என்ற கொடியை உயர்த்துகிறேன். இன்னொரு செயலி அதே வரிசையில்தான் பார்க்கும் என்று உறுதி இல்லை. கொடி முன்னே தெரிந்து தரவு பின்னே வரலாம். நடுவே ஒரு தடுப்பை வைத்தால் வரிசை நிற்கும். ஆனால் படிக்கும் பக்கத்திலும் அதற்கு இணையான தடுப்பு வேண்டும். எங்கள் ஊரில் ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்காலில் மேல்மதகை மட்டும் முறைப்படி திறந்து, கீழ்மதகில் அவரவர் இஷ்டப்படி திறந்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியும். எந்தத் தடுப்புக்கு எது இணை என்பதை நிரல் சொல்லாது. இணை வேறு கோப்பில்கூட இருக்கும். குறிப்புரைதான் சொல்ல வேண்டும். குறிப்புரை இல்லாத தடுப்பைக் கண்டால் புதிய மாற்றங்களைச் சரிபார்க்கும் கெர்னலின் 'செக்பேட்ச்' கருவி எச்சரிக்கிறது. பூட்டுக்காகக் காத்திருப்பவரைத் தூங்கவைத்து எழுப்பும் ஃபியூடெக்ஸ் நிரலில் சிபியு 0, சிபியு 1 என்று இரண்டு பத்தி போட்டு, காத்திருப்பவரும் எழுப்புபவரும் என்ன வரிசையில் நடக்கிறார்கள் என்று எழுத்துகளாலேயே படம் வரைந்திருக்கிறார்கள். அதை நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பக்கம் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

இனி குறை. சில்லு விற்ற ஒரு நிறுவனம் தன் டிரைவரோடு தந்த நிரலில், ஒரு பதிவகத்தை இரண்டு முறை எழுதும் வரியின் பக்கத்தில் 'அகற்றாதே' என்று மட்டும் இருந்தது. காரணம் இல்லை. ஒரே மதிப்பை ஏன் இரண்டு முறை எழுத வேண்டும் என்று நான் அகற்றினேன். மேசையில் எல்லாம் ஓடியது. மார்கழி விடியலில், வெளியே குளிர்ந்து கிடந்த பலகைகள் மட்டும் எழவில்லை. ஒரு வாரம் போயிற்று. குளிரில் அந்தச் சில்லு முதல் முறை எழுதுவதைத் தவறவிடுகிறது. 'குளிரில் முதல் எழுதுதல் பதியாது' என்ற நான்கு சொற்களை யாராவது எழுதியிருந்தால் போதும். காரணம் சொல்லாத கட்டளையை அடுத்து வருபவன் கேட்க மாட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

பழையதாகிப் பொய்யாகிவிடும் குறிப்புரை இதைவிடக் கொடியது. இந்த விஷயத்தில் லினக்ஸ் பராமரிப்பாளர்கள் மீது எனக்கு மரியாதை. 2020-இல் 5.8 பதிப்பில் நினைவகப் பூட்டு ஒன்றின் பெயரை மாற்றியபோது, குறிப்புரைகளில் இருந்த பழைய பெயரைத் திருத்தவே தனி ஒட்டு (பேட்ச்) ஒன்று போட்டார்கள். சில குறிப்புரைகளை நிரலாகவே மாற்றிவிட்டார்கள். 'இந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போதுதான் அழைக்க வேண்டும்' என்று எழுதுவதற்குப் பதில், இயங்கும்போதே அதைச் சோதிக்கும் வரியை எழுதலாம். பல நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 'ஸ்விட்ச்' நிரலில், அடுத்த நிலைக்கு வேண்டுமென்றேதான் விழவிடுகிறேன் என்று சொல்லிவந்த குறிப்புரையும் இப்படித்தான் தொகுப்பி அறிந்த சொல்லாக மாறியது. ரஸ்ட் மொழியில் எழுதும் பகுதிகளில், தொகுப்பியால் சரிபார்க்க முடியாத 'பாதுகாப்பற்ற' (அன்சேஃப்) தொகுதி ஒவ்வொன்றுக்கும் மேலே அது ஏன் பாதுகாப்பானது என்று எழுத வேண்டும் என்பது விதி.

சந்தேகம் வரும்போது, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் 'கிட் பிளேம்' போட்டு அந்த வரி எந்த ஆண்டு, எந்த மாற்றத்தோடு வந்தது என்று பார்த்துவிடுகிறேன். மாற்றத்தோடு எழுதிய செய்தியில் பாதி விளக்கம் இருக்கும். கிட்டில் இருக்கும் லினக்ஸின் வரலாறு 2005 ஏப்ரலில் 2.6.12 பதிப்பின் முன்னோட்டத்தோடு தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரிகளுக்குக் குறிப்புரைதான் கதி.

என் டிரைவரில் 64 மாதிரிகளுக்கு மேலே நான் எழுதியிருந்தது: '64 மாதிரிகளின் சராசரி எடு.' நிரல் சொன்னதையே திரும்பச் சொன்ன வரி. 3 ஆண்டுகள் கழித்து, எடை சீக்கிரம் தெரிய வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்க, வேலந்தாவளத்திலிருந்து வரும் தம்பி அதை 16 ஆக்கினான். வேனிலில் சோதித்தோம், சரியாக இருந்தது. ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுந்ததும், தார்ப்பாய் கட்டிய லாரி மேடையில் நின்றபடியே எடை 20 கிலோ ஏறி இறங்கியது.

"அண்ணா, 64 எதற்கென்று எழுதியிருந்தால் தொட்டிருக்க மாட்டேனே" என்றான்.

"காற்றுக்கு, தம்பி. எழுதாதது என் தவறு."

அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து, ஆடிக் காற்றில் தார்ப்பாய் லாரியை வைத்து எடுத்த அளவு, 16-இல் எவ்வளவு ஆடியது, 64-இல் எவ்வளவு அடங்கியது, எந்த மேடை, எந்தத் தேதி என்று ஏழு வரி எழுதினோம். போன வாரம் காங்கேயத்துக்கு ஒரு மேடை போனது. தம்பி அந்த ஏழு வரியையும் படித்துவிட்டு, "அண்ணா, அங்கே காற்று எப்படி என்று அளந்துவிட்டு எண்ணை வைக்கலாமா?" என்று கேட்டான். நாளை காலை அளக்கப் போகிறோம். எட்டாவது வரியை அவன் எழுதுவான்.