பிடிபி-8/இ: பழைய மினிகணினியை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கணினிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்துக் கற்க, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1970-ல் வெளியிட்ட பிடிபி-8/இ அருமையான இயந்திரம். புராசஸர் ஒற்றைச் சிப்பில் அடங்காமல் பல கார்டுகளில் பரவியிருப்பதால், எந்த சிக்னலையும் ஆசிலோஸ்கோப்பில் பிடித்துவிடலாம். எல்லாக் கார்டுகளையும் இணைக்கும் பொதுப் பாதையான ஆம்னிபஸ்ஸின் ஸ்லாட்டில் கார்டைச் செருகினால் இணைப்பு முடிந்தது. ஆய்வகக் கருவிகளோடும் ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளோடும் இந்த வரிசைக் கணினிகளை இணைத்து ஓட்டினார்கள்.

12 பிட் சொல் (கணினி ஒரே வீச்சில் கையாளும் அளவு), எட்டே அடிப்படைக் கட்டளைகள். கழித்தல் கிடையாது, எண்ணை எதிர்க்குறியாக்கிக் கூட்ட வேண்டும். சப்ரூட்டினை, அதாவது துணை நிரலை, அழைக்கும் ஜேஎம்எஸ் கட்டளை, திரும்பும் முகவரியை சப்ரூட்டினின் முதல் சொல்லிலேயே எழுதும். ஆகவே சப்ரூட்டின் தன்னையே அழைத்தால் பழைய முகவரி போய்விடும். திரும்பும் முகவரிகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக் இல்லையென்றால் இப்படித்தான்.

சோதிக்க, எண்ணிக்கொண்டே போகும் ஒரு குட்டி நிரல் போதும். நிரலின் எண்கள் எல்லாம் ஆக்டல் (0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டும்). ஸ்விட்சுகளில் 0200 வைத்து அட்ரஸ் லோடு அழுத்துங்கள். அடுத்து 2300, 5200, 7001, 5200 என ஒவ்வொன்றாக வைத்து டெபாசிட் விசையை மேலே தூக்குங்கள். முகவரி தானே நகரும். மறுபடி 0200 ஏற்றி, கிளியர், கன்டினியூ. குமிழ் ஏசி (அக்யூமுலேட்டர், கணக்கின் விடை நிற்கும் இடம்) நிலையில் இருந்தால் வலப்பக்க விளக்குகள் நடுங்கும், இடக்கோடி விளக்கு ஏறத்தாழ 32 விநாடிக்கு ஒருமுறை மாறும். ஓடவில்லையா? ஹால்ட், சிங்கிள் ஸ்டெப் விசைகளையும், சாவி பேனல் லாக்கில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

கம்பியில் கோத்த குட்டிக் காந்த வளையங்களாலான கோர் மெமரி, மின்சாரம் போனாலும் மறக்காது. ஆனால் 4,096 சொல்லுக்கான மெமரி மூன்று கார்டுகள் சேர்ந்த ஒரு செட். ஒன்று குறைந்தாலும் பயனில்லை. நடுக் கார்டில் மயிரிழைக் கம்பி அறுந்திருந்தால் ஒட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், வேறு கார்டு தேடுவதே மேல்.

வந்ததும் ஸ்விட்சைப் போட்டுவிடக் கூடாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் பல ஆண்டு சும்மா கிடந்தால் கசியும், வெடிக்கவும் செய்யும். எல்லாக் கார்டுகளையும் கழற்றுங்கள். கெப்பாசிட்டர்களுக்கு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிப் பழக்குங்கள். பிறகு பவர் சப்ளைக்கு டம்மி லோடு (கார்டுகளுக்குப் பதிலாக மின்சாரம் இழுக்கும் மின்தடை) கொடுத்து +5, +15, −15 வோல்ட் மூன்றையும் அளந்த பின்பே கார்டுகளைத் திருப்பிச் செருகுங்கள்.

கணினியோடு பேச உதவும் தட்டச்சு இயந்திரமான ஏஎஸ்ஆர்-33 டெலிடைப் விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதன் சுத்தியல் ரப்பர் கூழாகிவிடும். அழகுக்கு வைத்துக்கொண்டு, வேலைக்கு 20 மில்லிஆம்பியர் கரன்ட் லூப் கன்வர்ட்டர் வழியாக லேப்டாப்பை இணைப்பதே நல்லது. 4,096 சொல்லில் ஃபோக்கல் என்ற நிரல் மொழி ஓடும். ஓஎஸ்/8 என்ற இயங்குதளம் வேண்டுமென்றால் 8,192 சொல்லும், கூடவே ஒரு டிஸ்க்கோ டேப்போ தேவை.