செம்பியோடு ஏழு வருடம்: கோத்தகிரியில் ஓர் ஐரிஷ் செட்டர்

செம்பிக்கு இப்போது ஏழு வயது. ஐரிஷ் செட்டர் இன நாய், பெட்டை, 26 கிலோ. பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தச் செம்பட்டை முடியைத்தான் முதலில் கேட்பார்கள், தினமும் சீவணுமா, ரொம்பக் கொட்டுமா என்று. முடி ஒரு வேலையே இல்லை, ஓட்டம்தான் வேலை.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். சங்கிலி போட்டுக் கடைத்தெரு வரை நடத்திக் கூட்டி வருவதெல்லாம் கணக்கில் வராது. ஒரு ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெளியே விடாமல் வைத்திருந்தேன், நாலாம் நாள் சோபாவில் பஞ்சு இல்லை. முதல் மூன்று வருடம் குட்டிப்புத்திதான், அதட்டினால் முகம் வாடி மூலையில் போய்ப் படுத்துவிடும், கெஞ்சித்தான் பழக்க வேண்டும்.

செட்டர் என்ற பெயரே பதுங்குவதால் வந்தது. பறவை வாசம் பட்டதும் உடம்பைத் தாழ்த்தி அப்படியே உறைந்து நிற்கும், அந்தக் காலத்தில் அதன் பின்னாலிருந்து வலை வீசிப் பறவை பிடித்திருக்கிறார்கள். செம்பிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டாவது மாதம் தேயிலைச் செடிக்குள் காட்டுக்கோழி கொக்கரித்ததும் ஒரு முன்னங்காலைத் தூக்கி, வால் நீட்டி, மூச்சுகூட விடாத மாதிரி நின்றது. நான் கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது வேட்டைக்கு இடமில்லை, அதனால் எங்கள் ஆட்டம் அந்த நிற்பதோடு சரி. சோலை ஓரம் போனால் கயிறு கட்டாயம். இருட்டுவதற்குள் வீட்டுக்குள் வந்தாக வேண்டும், சிறுத்தைக்கு நாய் என்றால் பிரியம்.

மலையில் இந்த இனத்துக்கு எதிரி குளிர் இல்லை, ஈரம். தொங்குகிற காது, உள்ளே காற்றே போகாது. ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது, ஒரு டாக்டர் உள்ளே பார்க்காமலே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், இரண்டு வாரம் ஊற்றினேன். வேறொருவர் விளக்கடித்துப் பார்த்தபோது உள்ளே உண்ணி. அன்றிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் அப்புறம் காதைப் புரட்டிப் பார்த்துத் துடைக்கிறேன், அட்டை இருந்தால் எடுக்கிறேன், கால் முடியில் ஒட்டிய நாயுருவியைச் சீப்பால் எடுக்கிறேன்.

சாப்பாடு இரண்டு வேளையாகப் பிரித்துத்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓடவிடக் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு: வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, நிலைகொள்ளாமல் அலையும். அதைப் பார்த்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் கிளம்புங்கள். இந்த இனத்தில் சில வம்சங்களுக்குக் கோதுமை ஒத்துக்கொள்வதில்லை. நான் சோறும் கோழியும், சில நாள் ராகிக் களியும் போடுகிறேன். குட்டி வாங்கும்போது தாய், தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கண் பரிசோதனையையும் கேளுங்கள், முகம் சுளிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

"ஏனுங்ணா, காவலுக்கு ஆகுமா?" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா கேட்டார். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கு அவர் செருப்பையே எடுத்து வந்து கொடுக்கிற நாய் இது.

கோவையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் என் மச்சான் ஒரு குட்டி வேண்டும் என்கிறான். போன மே மாதம் கல்யாணத்துக்காகச் செம்பியை அங்கே இரண்டு நாள் கொண்டு போயிருந்தேன், குளியலறைத் தரையை விட்டு எழவே இல்லை. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் கேட்கிறான்.