குப்பி விளக்கா, எல்இடி பனலா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு குறும்படத்துக்காக ஒரே காட்சியை இரண்டு விதமாக எடுத்துப் பார்த்தோம். காட்சி சின்னது: அம்மம்மா விறாந்தையில் இருந்து படலையைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

முதலில் எல்இடி பனல். 5600 கெல்வின் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, இது பகல் வெளிச்சம் போல வெள்ளை), முகத்துக்கு நேரே, கமரா கையில். சுருக்கம், சேலைக் கரை, பின்சுவரில் இருந்த பல்லி எல்லாம் தெரிந்தது. அதுதான் பிரச்சினையும். யாரோ பேட்டி எடுக்க வந்த மாதிரி ஆகிவிட்டது. கமரா ஆட ஆட ஏதோ நடக்கப்போகிறது என்ற பதற்றம் பார்ப்பவருக்கு வருகிறது, ஆனால் அம்மம்மா பதறவில்லையே, வருடக்கணக்காகக் காத்திருப்பவர்.

அப்புறம் குப்பி விளக்கு. கிட்டத்தட்ட 2000 கெல்வின், அதாவது நல்ல மஞ்சள், தரையில், அவருக்கு இடப்பக்கமாக வைத்தோம். கமரா முக்காலியில். பாதி முகம் இருட்டு. காற்றுக்குச் சுடர் சாயும்போது மூக்கின் நிழல் கன்னத்தில் ஒருமுறை நீண்டு சுருங்குகிறது, கமரா அசையாததால்தான் அந்தச் சின்ன அசைவு கண்ணில் படுகிறது. படலை இருளுக்குள் இருப்பதால் அவர் யாரைப் பார்க்கிறார் என்று நாமும் தேடத் தொடங்குகிறோம்.

தொல்லையும் உண்டு. வெளிச்சம் போதாமல், ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) 3200க்கு ஏற்றியதில் இருட்டுப் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தது. ஒயிட் பாலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் அந்த மஞ்சளைக் குறைத்துவிடும், நாமே அமைக்க வேண்டும். மண்ணெண்ணெய்ப் புகைக்கு அம்மம்மா இருமினார். அந்த இருமலையும் வைத்துக்கொண்டோம்.

பஸ் நிலையத்துச் சண்டைக்காட்சி என்றால் சரி, கைக்கமராவைத்தான் எடுப்பேன்.