பிரைமர் எழுதும் நொதி: ஈ.கோலையிலும் மனித செல்லிலும்

டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியான டிஎன்ஏ பாலிமரேஸுக்கு, ஏற்கெனவே இருக்கும் இழையை நீட்டத்தான் தெரியும், புதிதாகத் தொடங்கத் தெரியாது. தொடங்கி வைக்கும் சிறிய ஆர்என்ஏ துண்டுதான் பிரைமர், அதை எழுதும் நொதி பிரைமேஸ்.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் இது ஒரே புரதம், பெயர் டிஎன்ஏஜி. அதன் துத்தநாகப் பகுதி ஒற்றை இழையில் பெரும்பாலும் சிடிஜி என்ற மூன்றெழுத்து வரிசையைப் பார்த்துப் பிடிக்கிறது. வால் பகுதி, இரட்டை இழையைப் பிரிக்கும் டிஎன்ஏபி ஹெலிகேஸோடு ஒட்டிக்கொள்கிறது. ஹெலிகேஸிலிருந்து விலகினால் வேலை மிகவும் மந்தமாகிவிடும். பிரைமர் சுமார் 11 நியூக்ளியோடைடு (இழையின் ஒரு கண்ணி) நீளம், அவ்வளவுதான்.

மனித செல்லில் கதை வேறு. எனக்கு இதுதான் பிடித்த பகுதி. இங்கே பிரைமேஸுக்கு இரண்டு துணையலகுகள், அதாவது சேர்ந்து வேலை செய்யும் இரண்டு புரதங்கள். சின்னதான ப்ரிம்1 நியூக்ளியோடைடுகளைக் கோக்கிறது. பெரியதான ப்ரிம்2 எதையும் கோப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் தொடக்கமே நடக்காது. அதன் முனைப்பகுதியில் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொண்ட ஒரு கொத்து உண்டு. அந்தப் பகுதி, பிரைமரின் 5' முனையில் (தொடக்க முனையில்) இருக்கும் மூன்று பாஸ்பேட்டுகளையும் பக்கத்தில் உள்ள அச்சு இழையையும் (படியெடுக்கப்படும் மூல இழை) சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. மறுமுனையில் ப்ரிம்1 கோக்கக் கோக்க, அதற்கும் அந்தப் பகுதிக்கும் இடைவெளி கூடுகிறது. சுமார் 9 நியூக்ளியோடைடு வந்ததும் அதற்கு மேல் போக இடமில்லை, கோப்பு நின்றுவிடுகிறது. நீளம் அளக்கப்படுவது இப்படித்தான்.

அப்புறம், பிரைமேஸோடு இணைந்தே இருக்கும் பாலிமரேஸ் ஆல்பா அந்த முனையை வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 20 டிஎன்ஏ நியூக்ளியோடைடுகளைச் சேர்க்கிறது. அப்போதும் ப்ரிம்2 தன் பிடியை விடுவதில்லை. ஈ.கோலையில் இந்த இடைப்பட்ட டிஎன்ஏ நீட்சி கிடையாது. முதன்மைப் பாலிமரேஸ் நேராக வந்து ஆர்என்ஏவைத் தொடர்கிறது.