ஐப்பசி மழைக்கு ஸ்டீல் கட் ஓட்ஸ்: வேலூர் அடுப்பில் ஸ்காட்லாந்துக் கஞ்சி

வேலூர் மளிகைக் கடையில் ஓட்ஸ் கேட்டால் எடுத்துக் கொடுப்பது தட்டை ஓட்ஸ். ஆவியில் வேகவைத்து, உருளையில் நசுக்கி, அவல் போல ஆக்கிய சரக்கு. டாக்டர் சொன்னார் என்று வாங்கி, மூன்று நிமிடம் பாலில் கொதிக்கவிட்டு, பசை மாதிரி ஆனதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியவர்கள்தான் இங்கே அதிகம். பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கிற ஸ்டீல் கட் ஓட்ஸ் வேறு சங்கதி. தோல் நீக்கிய முழு ஓட்ஸ் மணியை நசுக்காமல், இரண்டு மூன்று துண்டாக வெட்டியது. பார்க்கக் கோதுமை நொய்தான். விலை தட்டை ஓட்ஸை விடக் கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மசாலாவும் பழமும் சேர்க்காமல் ஸ்காட்லாந்துக்காரர்கள் காய்ச்சுகிற மாதிரி காய்ச்சிப் பார்க்க வேண்டும்.

அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள். அப்புறம் எடின்பரோவில் மாலை நாலரை, நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரி, 31-ஆம் தேதி ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழா இரவுக்கு டர்னிப்பைக் குடைந்து செய்யும் விளக்கு, காலையில் ஒரு சட்டி ஓட்ஸ் கஞ்சி: இலையுதிர் காலத்தில் அவர்கள் பெரிதாகச் செலவில்லாமல் அனுபவிப்பது இப்படிச் சிலதுதான். வேலை நிமித்தமாக வேலூருக்கு வந்து தங்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கு பிளாக்பெர்ரி கிடைக்காது. நேதாஜி மார்க்கெட்டில் நூக்கல் வாங்கிக் குடைந்தால் விளக்கு ஒருவிதமாகத் தேறும். உள்ளே சின்ன மெழுகுவர்த்திக்குத்தான் இடம் இருக்கும். கஞ்சி மட்டும் அப்படியே வந்துவிடுகிறது. வெயிலுக்குப் பேர்போன ஊரிலும் வடகிழக்குப் பருவமழை பிடித்த ஐப்பசிக் காலையில் சூடாக ஏதாவது வேண்டியிருக்கிறதே!

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் கார்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் 1994-ல் தொடங்கிய உலகக் கஞ்சிப் போட்டி ஒன்று உண்டு. இலையுதிர் காலத்தில்தான் நடக்கும். மரபுப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு தவிர வேறு எதையும் போடக் கூடாது. ஆவியில் வேகவைத்து நசுக்கிய ஓட்ஸுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. முதல் பரிசு தங்க ஸ்பர்ட்டில். ஸ்பர்ட்டில் என்றால் கஞ்சி கிளறும் உருண்டை மரக்குச்சி. அகலமான கரண்டி கஞ்சியை இழுத்துக்கொண்டு சுற்றும். குச்சி அதை வெட்டிக்கொண்டு போகும், கட்டி தட்டாது. இதை ஆன்லைனில் தேடி வாங்க வேண்டியதில்லை. பருப்பு மத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பால் கிளறினால் அதே வேலை நடக்கிறது. வலது கையால் வலஞ்சுழியாகத்தான் கிளற வேண்டும் என்பது அங்கே ஐதீகம். நமக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

இரண்டு பேருக்கு 80 கிராம் ஓட்ஸ், அரை லிட்டர் தண்ணீர். அடிகனமான பாத்திரத்தில் ஓட்ஸைச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வெறுமனே வறுக்க வேண்டும். வேர்க்கடலை வறுபடும்போது வருகிற மாதிரி ஒரு வாசனை எழுந்ததும் நிறுத்திவிடலாம். நிறம் மாறும்வரை காத்திருந்தால் கஞ்சி கசக்கும். தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து ஊற்றுவது நல்லது. ஒரு கொதி வந்ததும் சிம்மில் வைத்து, மூடியைச் சாய்த்து வைத்து, 25 முதல் 30 நிமிடம். முழுக்க மூடினால் பொங்கி அடுப்பில் வழியும். முதல் கால் மணி நேரம் அவ்வப்போது ஒரு கிளறல் போதும். கடைசிப் பத்து நிமிடம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, அடிப்பிடிப்பது அப்போதுதான். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேல்கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சுரண்டினால் கருகல் வாசனை மொத்தத்திலும் ஏறிவிடும்.

உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, பாதி வெந்த பிறகு. முதலிலேயே போட்டால் மணி விறைத்துவிடும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. வேலூரில் பாதியில் போடுவதற்கு இன்னும் நல்ல காரணம் இருக்கிறது: போர் தண்ணீர். பல தெருக்களில் அது தானாகவே உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் அளந்து உப்புப் போட்டால் கஞ்சி வாயில் வைக்க முடியாது. கேன் தண்ணீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ உத்தமம். இல்லையென்றால் பாதியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குக்கரில் வைக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நேரடியாக வைக்கக் கூடாது. ஓட்ஸ் கஞ்சி நுரைத்து மேலேறி வெயிட் துளையை அடைக்கும்; விசிலோடு கஞ்சியும் பீறிட்டுச் சுவரெல்லாம் தெறிக்கும். குக்கருக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உயரமான சிறு பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஓட்ஸும் தண்ணீரும் ஊற்றி உள்ளே வைத்தால் பயமில்லை. மூன்று விசில், அப்புறம் ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் மணி வெந்திருக்குமே தவிர, கிளறிக் கிளறி வருகிற வழவழப்பு வராது. அந்த வழவழப்பு ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் தண்ணீரில் கரைவதால் வருவது. திறந்த பிறகு ஐந்து நிமிடம் அடுப்பில் வைத்துக் கிளறினால் பாதி மீளும். ஜவ்வாது மலைச் சாமை இருக்கும்போது இதெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாமைக் கஞ்சி விலை குறைவு, கால் மணி நேரத்தில் தயார், நல்ல ருசியும்கூட. இந்த வழவழப்பு மட்டும் அதில் கிடைக்காது.

இரவே ஊறப்போட்டால் காய்ச்சும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடமாகக் குறையும். எடின்பரோக் குளிரில் மேசை மேலேயே வைக்கலாம். இங்கே ஐப்பசியிலும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் விடிவதற்குள் புளிப்பு ஏறும்.

சாப்பிடுவதில்தான் அவர்களுடைய மூளை தெரிகிறது. பழைய முறைப்படி பாலைக் கஞ்சியில் ஊற்ற மாட்டார்கள். பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் குளிர்ந்த பாலோ க்ரீமோ இருக்கும். ஒரு ஸ்பூன் சூடான கஞ்சியை எடுத்து, அதில் தோய்த்து வாயில் போடுவார்கள். சூடும் குளிர்ச்சியும் கலங்காமல் இருப்பதுதான் சுகம். இதற்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் சரியாக இருக்கும், 6 சதவீதக் கொழுப்பு. காய்ச்சி ஆறவைத்து, ஏடோடு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நீலப் பாக்கெட் 3 சதவீதம்தான்; தோய்த்தால் ஒட்டாமல் ஓடுகிறது. இனிப்பு வேண்டுமென்றால் மேலாக ஜவ்வாது மலைத் தேன் ஒரு ஸ்பூன். கஞ்சியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் தேன் வாசனை போய்விடும். சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

அதே ஓட்ஸ் பாக்கெட்டில் இன்னொரு காரியமும் ஆகும். மிக்ஸியில் விட்டு விட்டு ஐந்தாறு சுற்று சுற்றி, ரவை சல்லடையில் சலித்தால், கடைகளில் கிடைக்காத நடுத்தர ஓட்ஸ் மாவு வீட்டிலேயே வந்துவிடும். அதில் ஸ்கர்லி என்ற ஸ்காட்லாந்து வறுவல் செய்யலாம். ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி மூன்று மேசைக்கரண்டி நெய்யில் பொன்னிறமாக வதக்கி, 100 கிராம் மாவைப் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்து, பத்து நிமிடம் சிறு தீயில் நெய்யை முழுக்க உறிஞ்சும்வரை வறுக்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. அங்கே மாட்டுக் கொழுப்பில் வறுத்து இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள். இங்கே முள் கத்திரிக்காய்க் குழம்புச் சோற்றுக்கு மேல் தூவினால் அப்பளம் தேவைப்படாது. அடுப்பை அவசரப்பட்டுக் கூட்டினால் வெங்காயம் கருகி, மாவு பச்சையாகவே நிற்கும்.

கிரானக்கன் என்ற இனிப்பும் இந்தப் பருவத்துக்குத் தோதானது. அசலில் வறுத்த ஓட்ஸ், க்ரீம், ராஸ்பெர்ரி, தேன், விஸ்கி. ராஸ்பெர்ரிக்குப் பதில் இந்த மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் சீதாப்பழத்தை விதை நீக்கிச் சேர்க்கலாம். புளிப்பு இல்லாததால் சில துளி எலுமிச்சை வேண்டும். விஸ்கியை விட்டுவிடலாம், டாஸ்மாக் வரிசையில் நின்று வாங்குகிற அளவுக்கு அது இந்த இனிப்பில் பெரிய வேலை எதுவும் செய்வதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது தேதி. அரிசி, கோதுமையைவிட ஓட்ஸில் கொழுப்பு அதிகம். வெட்டிய மணியில் அது காற்றுபட்டுச் சிக்கெடுக்கும். கோடை முழுதும் கடையின் மேல்தட்டில் வெந்துகொண்டிருந்த பாக்கெட்டைப் பிரித்தால் பழைய எண்ணெய் வாடை வரும், காய்ச்சினால் சோப்புக் கசப்பு. தயாரித்து மூன்று மாதத்துக்குள் இருக்கும் அரை கிலோ பாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்; தள்ளுபடி என்று இரண்டு கிலோ வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டோடு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் வண்டு முட்டை இருந்தாலும் சாகும். வெளியே எடுத்த பிறகு குளிர் விடும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.