மினிடிஎல்என்ஏவா, ஜெல்லிஃபினா?

சேர்த்துவைத்த படங்கள் வீட்டு டிவியில் ஓடினால் போதும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மினிடிஎல்என்ஏ. கணினியில் உள்ள படங்களை வீட்டு நெட்வொர்க் வழியே டிவிக்கு அனுப்பும் சிறு மென்பொருள் இது. ஒரே ஓர் அமைப்புக் கோப்பு. அதில் கோப்புறையின் பாதையை எழுதினால் வேலை முடிந்தது. ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கக் கணினியின் பழைய மாடலிலும் சிரமமின்றி ஓடும். கடவுச்சொல் வசதி கிடையாது, எனவே வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டித் திறந்துவிடவே கூடாது.

ஆனால் அது கோப்பை உள்ளபடியே அனுப்பும். டிவிக்கு அந்த வடிவம் புரியாவிட்டால் படம் ஓடாது. ஜெல்லிஃபின் முந்துவது இங்கேதான். 2018இல் எம்பி (Emby) என்ற மீடியா சர்வர் மென்பொருளிலிருந்து கிளைத்த இந்தக் கட்டற்ற மென்பொருள், எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியின் துணையோடு, வீடியோவை ஓடும்போதே டிவிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஆளுக்கொரு கணக்கு, விட்ட இடத்திலிருந்து தொடர்வது, படங்களின் விவரங்கள் எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, இவற்றில் எதற்கும் கட்டணம் இல்லை என்பது.

அந்த மாற்றும் வேலைக்குத்தான் வலு வேண்டும். ராஸ்பெர்ரி பை 5இல் வீடியோ குறியாக்கத்துக்கான (என்கோடிங்) தனி வன்பொருள் இல்லை. சுமை முழுவதும் சிபியூ மேல் விழும். குவிக் சிங்க் என்னும் வீடியோ மாற்றும் வன்பொருள் உள்ள இன்டெல் சிறு கணினி இதை எளிதாகச் சமாளிக்கும். உங்கள் கோப்புகளை டிவி நேரடியாகவே ஓட்டுகிறதா என்று முதலில் சோதியுங்கள். ஓட்டினால், ஜெல்லிஃபினுக்கும் பழைய கணினியே போதும்.